ஆண் கினிப் பன்றிகளைச் சண்டையில்லாமல் ஒன்றாக வளர்ப்பது எப்படி?



ஆடு, மாடு, கோழி வளர்ப்பைப் பற்றி நாம் அடிக்கடி பேசுகிறோம். இம்முறை, பிள்ளைகளின் செல்லப் பிராணியாகச் சில லயங்களுக்குள் வந்திருக்கும் கினிப் பன்றியைப் பற்றிப் பேசுவோம். "இதெல்லாம் ஒரு பாடமா?" என்று சிலர் கேட்கலாம். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். சம்பள நாளில் டவுனில் காசு கொடுத்து வாங்கி வந்த பிராணி, ஆறாம் மாதத்தில் காது கிழிந்து, முதுகில் புண் வைத்து, புழுப் பிடித்துச் சாகிறது. பிள்ளை சாப்பிடாமல் அழுகிறது. "உங்க வீட்டுது தான் கடிச்சிச்சு" என்று பக்கத்துக் காம்பராப் பிள்ளையோடு சண்டை. அடுத்த நாள் அது பீலிக்கரையில் பெரியவர்களின் சண்டையாகிறது. ஒரு சிறிய பிராணியால் இவ்வளவும் வர வேண்டியதில்லை.

ஆண் கினிப் பன்றிகள் சண்டை பிடிப்பது பெரும்பாலும் அவற்றின் கெட்ட குணத்தால் அல்ல, நாம் அவற்றை வைத்திருக்கும் விதத்தால் தான். வைக்கும் விதத்தைத் திருத்தினால் பல ஆண்டுகள் ஒன்றாகப் படுத்து ஒன்றாகத் தின்று வாழும். எப்படித் திருத்துவது என்பதே இந்தப் பாடம்.

இது என்ன பிராணி?

பெயரில் பன்றி இருந்தாலும் இது பன்றி இனம் அல்ல. எலி, அணில், முள்ளம்பன்றி போலக் கொறித்துத் தின்னும் இனம். கினி என்பது ஆபிரிக்காவில் உள்ள ஒரு நாடு. ஆனால் இந்தப் பிராணி அங்கிருந்தும் வரவில்லை. தென் அமெரிக்காவில் பேரு, பொலிவியா, ஈக்குவடோர் ஆகிய நாடுகளில் உள்ள அந்தீஸ் மலைத்தொடரே இதன் தாயகம். அங்குள்ள மலை மக்கள் சில ஆயிரம் ஆண்டுகளாக இதை வளர்த்து வருகிறார்கள். அவர்கள் இதைக் 'குய்' என்று அழைக்கிறார்கள். வீட்டுக் குசினி மூலையில், அடுப்புச் சூட்டில், புல்லும் மரக்கறித் தோலும் போட்டு இறைச்சிக்காக வளர்ப்பது அங்கு வழக்கம். நம் ஊரில் பிள்ளைகள் அதைக் கினிப்பிக் என்று செல்லமாக வளர்க்கிறார்கள்.

நன்றாக வளர்ந்த ஆண் ஏறக்குறைய ஒரு கிலோ நிறை இருக்கும். 5 முதல் 8 ஆண்டுகள் வரை உயிர் வாழும். கூட்டமாக வாழும் பிராணி என்பதால் தனியாக ஒன்றை மட்டும் வைத்தால் அது சோர்ந்து போகும். சுவிற்சர்லாந்து நாட்டில் கினிப் பன்றியைத் தனியாக வைக்கக் கூடாது, துணையோடு தான் வைக்க வேண்டும் என்று 2008ஆம் ஆண்டு சட்டமே போட்டுவிட்டார்கள்.

ஏன் ஆண்களை மட்டும் வளர்க்கிறோம்?

ஒரு சோடி ஆணும் பெண்ணும் வைத்தால் என்ன நடக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். சினைக் காலம் 59 முதல் 72 நாள். ஒரு ஈற்றில் பொதுவாக 2 முதல் 4 குட்டி. குட்டி போட்ட சில மணி நேரத்திலேயே தாய் திரும்பவும் சினைப்படும். அப்படியானால் வருடத்துக்கு ஐந்து ஈற்று. ஈற்றுக்கு மூன்று என்று வைத்தாலும் 15 குட்டி. அதற்குள் முதல் ஈற்றுப் பெண் குட்டிகளும் தாயாகிவிடும். ஒன்றரை மாதம் ஆகும் முன்பே அவை சினைப்படக் கூடும். பத்தடி பன்னிரண்டடிக் காம்பராவில் இவ்வளவையும் எங்கே வைப்பது? யார் புல்லறுப்பது? அதனால் தான் விவரம் தெரிந்த பெற்றோர் ஆண்களை மட்டும் வாங்குகிறார்கள். இது நல்ல முடிவு. ஆனால் ஆண்களை எப்படிச் சேர்ப்பது என்று தெரியாததால் தான் சண்டை.

முதலில் அவை உண்மையாகவே ஆண் தானா என்று பாருங்கள். விற்பவர் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம். குட்டியை உள்ளங்கையில் மெதுவாக மல்லாத்தி, வாய்க்கு நேர் எதிர்ப் பக்கத்தில் பாருங்கள். ஆணுக்கு ஒரு சிறு புள்ளியும் அதன் கீழ் ஒரு நேர்க்கோடும் தெரியும். புள்ளிக்கு மேலே விரலால் மெல்ல அழுத்தினால் உறுப்பு வெளியே வரும். பெண்ணுக்கு ஆங்கில எழுத்து ஒய் போன்ற வடிவம் தெரியும். சந்தேகம் இருந்தால் அடுத்தடுத்த வாரங்களில் மீண்டும் பாருங்கள்.

சண்டைக்கு மூன்று காரணங்கள்

முதலாவது, பெண் வாடை. பக்கத்தில் பெண் இருக்கிறது என்று மூக்குக்குத் தெரிந்தால் போதும், நேற்று வரை ஒட்டிப் படுத்த ஆண்கள் இன்று பகையாளி ஆகும். ஆண்கள் இருக்கும் அறையில் பெண் கினிப் பன்றியை வைக்கக் கூடாது. பெண்ணைத் தொட்ட கையோடும் ஆண்களைத் தூக்கக் கூடாது. சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டுத் தொடுங்கள்.

இரண்டாவது, இட நெருக்கடி. தோற்றது ஓடி ஒளிய இடம் இருந்தால் சண்டை அரை நிமிடத்தில் முடியும். ஓட இடம் இல்லை என்றால் வென்றது விடாமல் கடிக்கும். இது மனிதருக்கும் தெரிந்த விஷயம் தான்.

மூன்றாவது, பழக்கம் இல்லாமை. இதைப் பற்றி ஜேர்மனியில் நோபர்ட் சாக்ஸர் என்ற விலங்கியல் அறிஞரும் அவரது குழுவினரும் விரிவாக ஆராய்ந்தார்கள். 1991ஆம் ஆண்டிலும் அதன் பின்னரும் அவர்களின் முடிவுகள் வெளிவந்தன. பெரிய ஆண்களும் பெண்களும் உள்ள கூட்டத்தில் வளர்ந்த ஆண், புதிய இடத்தில் முன்பின் தெரியாத இன்னொரு ஆணைச் சந்தித்தபோது பெரிதாகச் சண்டை பிடிக்கவில்லை. எப்போது விட்டுக் கொடுப்பது, எப்போது விலகுவது என்பது அதற்குத் தெரிந்திருந்தது. தனியாகவோ ஒரு பெண்ணோடு மட்டுமோ வளர்ந்த ஆண் அதே இடத்தில் கடுமையாகச் சண்டை பிடித்தது. பயம், பதற்றம் வரும்போது உடம்பில் சுரக்கும் கோர்ட்டிசோல் என்ற சுரப்பும் அதற்கு மிகவும் கூடியது. ஆக, பெரிய ஆணுக்கு அடங்கி நடக்கப் பழகுவது வாலிப வயதில் படிக்கும் பாடம். அந்த வயதில் பெரியவர் துணை கிடைக்காத குட்டிக்கு இந்தப் பாடம் தெரியாது.

இதிலிருந்து நமக்கு ஒரு வழி கிடைக்கிறது. குட்டி ஆணை ஒரு சாதுவான பெரிய ஆணோடு சேர்த்து வளர்த்தால் சமாதானம் எளிதாக வரும்.

எத்தனை வைக்கலாம்? எதனோடு எதைச் சேர்க்கலாம்?

இரண்டு ஆண் வைப்பது மிகவும் எளிது. மூன்று வைப்பது தான் மிகவும் தொல்லை. இரண்டு ஒரு பக்கம் சேர்ந்து மூன்றாவதை விரட்டும். நான்கும் அதற்கு மேலும் வைக்கலாம். ஆனால் நிறைய இடம் வேண்டும், எல்லாம் குட்டியிலிருந்தே ஒன்றாக வளர்ந்திருக்க வேண்டும். நான்கு வீட்டுப் பிள்ளைகள் ஆளுக்கொன்று வாங்கி வந்து ஒரே கூட்டில் போடுவதை நாம் பார்க்கிறோம். பிள்ளைகளின் ஒற்றுமை நல்லது தான். ஆனால் வெவ்வேறு இடத்தில் வளர்ந்த நான்கு வாலிப ஆண்களை ஒரே பெட்டியில் போடுவது, சேவல்களைக் கட்டி வைத்து அவிழ்த்து விடுவது போலத் தான்.

நன்றாகச் சேரும் சோடிகள் இவை:

1. தகப்பனும் அதன் ஆண் குட்டியும். குட்டியை மூன்று வாரத்தில் தாயிடமிருந்து பிரித்துத் தகப்பனிடம் விட வேண்டும். பிந்தினால் அது தாயையே சினைப்படுத்தக் கூடும்.

2. பெரிய சாதுவான ஆணும், 3 முதல் 8 வாரக் குட்டி ஆணும்.

3. ஒரே ஈற்று அண்ணன் தம்பி இரண்டு. இவை சேரும். ஆனால் வாலிப வயதில் கவனம் தேவை.

நன்றாகச் சேராதவை: தனியாக வளர்ந்த இரண்டு பெரிய ஆண்கள், பெண்ணோடு இருந்து பிரித்தெடுத்த ஆண்கள், ஒரே மாதிரி முரட்டுக் குணமுள்ள இரண்டு. ஒன்று தலைவராகவும் மற்றது பணிந்தும் போனால் தான் வீடு நடக்கும்.

பேரு நாட்டு வளர்ப்பாளர்களும் இப்படித் தான் செய்கிறார்கள். பெண்கள் உள்ள தொட்டியில் ஓர் ஆணை மட்டும் விடுவார்கள். பால் மறந்த ஆண் குட்டிகளை ஒரே வயதுக் கூட்டமாகப் பிரித்து வேறு தொட்டியில் வளர்ப்பார்கள். நடுவில் புதிய ஆணைக் கொண்டு வந்து அந்தக் கூட்டத்தில் கலக்க மாட்டார்கள்.

கூடு எப்படி இருக்க வேண்டும்?

இரண்டு ஆணுக்கு 5 அடி நீளமும் இரண்டரை அடி அகலமும் உள்ள தரை வேண்டும். நான்கு ஆணுக்கு 8 அடிக்கு 4 அடி வேண்டும். இரண்டு தட்டு வைத்து உயரத்தைக் கூட்டுவதால் பயன் இல்லை. இது மரம் ஏறும் பிராணி அல்ல, ஓடும் பிராணி. தரை நீளம் தான் முக்கியம்.

காம்பராவுக்குள் அவ்வளவு இடம் இல்லை என்பது நமக்குத் தெரியும். இஸ்தோப்பில் சுவரோரமாக, அல்லது வீட்டுப் பின்புறம் தாழ்வாரத்தின் கீழ் வைக்கலாம். பழைய பலகை, கூரைத் தகரம், கம்பிவலை இருந்தால் போதும். தரையிலிருந்து இரண்டடி உயர்த்திக் கட்டுங்கள். மழைச் சாரலும் பனியும் படக் கூடாது. ஈரத்தில் இருந்தால் நெஞ்சில் சளி கட்டிச் செத்துப் போகும். நுவரெலியா, இராகலைப் பக்கம் இரவுக் குளிருக்கு உரச்சாக்கை மூன்று பக்கமும் தொங்க விடலாம். சாக்கை நன்றாகக் கழுவிக் காய வைத்த பின் பாவியுங்கள். நான்காவது பக்கம் காற்று வர வேண்டும். இரத்தினபுரி, தெனியாயப் பக்கம் வெயில் தான் பகை. 30 பாகை செல்சியஸைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. நிழலில் வையுங்கள். நாய், பூனை, மரநாய், பெருச்சாளி நுழையாதபடி மூடியும் கொக்கியும் வேண்டும்.

அடித்தளம் கம்பிவலையாக இருக்கக் கூடாது, பாதம் புண்ணாகும். பலகை போட்டு, மேலே மரத்தூளும் காய்ந்த மானாப்புல்லும் பரப்புங்கள்.

இனிச் சமாதானத்துக்கான முக்கிய விதி. கூட்டுக்குள் எல்லாம் இரண்டிரண்டாக, தள்ளித் தள்ளி இருக்க வேண்டும். இரண்டு தண்ணீர்ப் போத்தல், இரண்டு தீனித் தட்டு, இரண்டு புல் கட்டு, இரண்டு ஒளியும் வீடு. நான்கு ஆண் என்றால் எல்லாம் நான்கு. ஒளியும் வீட்டுக்கு இரண்டு வாசல் வேண்டும். ஒரு வாசல் வைத்தால் ஒன்று வாசலில் உட்கார்ந்து மற்றதை உள்ளே அடைத்துக் கடிக்கும். அட்டைப் பெட்டியில் இரண்டு பக்கம் ஓட்டை வெட்டினாலே வீடு தயார். நனைந்தால் மாற்றிவிடலாம்.

கூடு சுத்தம் செய்யும்போது எல்லாப் புல்லையும் ஒரே நாளில் அள்ளி எறிய வேண்டாம். நனைந்ததை அள்ளிவிட்டு, காய்ந்த பழைய புல்லில் ஒரு கைப்பிடியைத் திரும்பப் போடுங்கள். அதில் அவற்றின் வாடை இருக்கும். வாடை முழுவதும் போனால் "இது யார் இடம்?" என்று புதிதாகச் சண்டை தொடங்கும்.

முதல் நாள் சேர்ப்பது எப்படி?

புதிதாக வாங்கி வந்ததை உடனே சேர்க்க வேண்டாம். இரண்டு வாரம் வேறிடத்தில் வைத்து நோய் இருக்கிறதா என்று பாருங்கள். மூக்கில் நீர், கண்ணில் பீளை, முடி உதிர்வு, சொறி இருந்தால் சேர்க்கக் கூடாது.

பிறகு வேலையில்லாத நாள் காலையில் தொடங்குங்கள். மாலையில் சேர்த்துவிட்டுத் தூங்கப் போகக் கூடாது. இரண்டுக்குமே பழக்கமில்லாத ஓர் இடம் தேவை. கழுவிய இஸ்தோப்புத் தரை நல்லது. நான்கு பக்கமும் பலகை வைத்து மறியுங்கள். நடுவில் நிறையப் புல் குவியுங்கள். வீடு எதுவும் வைக்க வேண்டாம். இரண்டையும் ஒரே நேரத்தில் விடுங்கள். வாயில் புல் இருந்தால் கடிக்க யோசனை வராது.

பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். கையில் ஒரு தடித்த துவாய் அல்லது கொழுந்தெடுக்கக் கட்டும் படங்கு இருக்கட்டும். சண்டை மூண்டால் வெறுங்கையை நடுவில் நீட்டக் கூடாது. பற்கள் கூர்மையானவை, ஆழமாக இறங்கும். படங்கை மேலே போட்டு, அல்லது ஒரு பலகையை நடுவில் இறக்கிப் பிரியுங்கள். யாரையாவது கடித்துவிட்டால் சவர்க்காரம் போட்டு ஓடும் நீரில் நன்றாகக் கழுவி, தோட்ட வைத்தியசாலையில் காட்டுங்கள்.

இரண்டு மூன்று மணி நேரம் அமைதியாகப் போனால் இரண்டையும் சுத்தம் செய்த கூட்டில் விடலாம். பழைய ஆளின் கூடு என்றால் உள்ளிருப்பவற்றின் இடத்தை மாற்றிப் போடுங்கள். சேர்த்த பின் சும்மா சும்மா பிரித்துச் சேர்க்க வேண்டாம். ஒவ்வொரு தடவையும் யார் பெரியவர் என்று முதலில் இருந்து தொடங்கும்.

எது வழக்கம், எது சண்டை?

பல பெற்றோர் சின்னச் சத்தத்துக்கே பயந்து பிரித்துவிடுகிறார்கள். வேறு சிலர் இரத்தம் வரும் வரை "விளையாடுது" என்று பார்த்திருக்கிறார்கள். இரண்டும் சரியில்லை. கீழே உள்ளதைப் படித்து, பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள்.

பயப்பட வேண்டாம்: இடுப்பை ஆட்டி ஆட்டிச் சுற்றி வருதல், தொண்டைக்குள் 'உர்ர்' என்று உறுமுதல், பின்பக்கத்தை முகர்தல், ஒன்றன்மேல் ஒன்று ஏறுதல், கொஞ்ச தூரம் துரத்தி விடுதல், சிறியது 'கீச் கீச்' என்று முறையிடுதல். இவை "நான் தான் பெரியவன்" என்று சொல்லும் பேச்சு. சில நாளில் அடங்கும்.

கவனமாக இருங்கள்: பற்களைக் 'கடகட' என்று அடித்தல், கழுத்து முடி சிலிர்த்தல், வாயை அகலத் திறந்து பல் காட்டுதல், முகத்துக்கு முகம் நிமிர்ந்து நிற்றல். புல்லை நடுவில் போட்டு, அல்லது கையைத் தட்டிக் கவனத்தைத் திருப்புங்கள்.

உடனே பிரியுங்கள்: பாய்ந்து கடித்தல், இரண்டும் பந்து போல் உருண்டு பிடித்தல், இரத்தம் வருதல். ஆழமாகக் கடித்து இரத்தம் வந்துவிட்டால் அந்த இரண்டையும் திரும்ப ஒரே கூட்டில் போடக் கூடாது.

இன்னொன்று இருக்கிறது. இது சத்தமில்லாத சண்டை. ஒன்று எப்போதும் மூலையில் ஒதுங்கியிருக்கும், தட்டுக்கு வராது, நிறை குறையும். காயமே இல்லாவிட்டாலும் அது துன்பப்படுகிறது. ஆகவே வாரத்துக்கு ஒரு தடவை நிறுத்துப் பாருங்கள். கடைத் தராசு போதும். கொப்பியில் எழுதி வையுங்கள். இரண்டு வாரம் தொடர்ந்து குறைந்தால் ஏதோ பிழை இருக்கிறது.

வாலிப வயது

நம்மிடம் வரும் கேள்விகளில் முக்கால்வாசி இது தான்: "ஐயா, ரெண்டும் ஒரே வயித்துப் பிள்ளைங்க. குட்டியில ஒண்ணா படுத்திச்சு. இப்ப ஏன் இப்படி அடிச்சிக்குது?"

3, 4 மாதத்தில் வாலிபம் தொடங்குகிறது. ஒரு வயது, சிலதுக்கு பதினான்கு மாதம் வரை இந்தக் காலம். உடம்பில் ஆண் சுரப்பு கூடுவதால் துரத்தலும் உறுமலும் கூடும். இரத்தம் வராத வரை பிரிக்க வேண்டாம். இடத்தைக் கூட்டுங்கள், புல்லைக் கூட்டுங்கள், ஒளியும் வீட்டைக் கூட்டுங்கள். இந்த ஒரு வருடத்தைக் கடந்துவிட்டால் பெரும்பாலும் அமைதி தான். இந்த வயதில் ஒன்றை மட்டும் தூக்கி மாமா வீட்டுக்கோ பள்ளிக்கூடக் கண்காட்சிக்கோ கொண்டு போய், நாட்கள் கழித்துத் திரும்பக் கொண்டு வருவது பெரிய பிழை. திரும்பி வரும்போது அது அந்நியன். வைத்தியரிடம் போனாலும் இரண்டையும் ஒரே பெட்டியில் கொண்டு போங்கள்.

காயம் பட்டால்

கொதித்து ஆறிய நீர் ஒரு கிளாசில் கால் தேக்கரண்டி உப்புக் கரைத்து, சுத்தமான துணியால் புண்ணைக் கழுவுங்கள். மண்ணெண்ணெய், சுண்ணாம்பு, கடுமையான கிருமிநாசினி எதுவும் பூசக் கூடாது. ஈ மொய்க்காமல் வீட்டுக்குள் வையுங்கள். ஈ முட்டையிட்டால் ஒரு நாளிலேயே புழு வைத்துவிடும். வெளியே சிறிய புண்ணாக இருந்தாலும் உள்ளே சீழ் கட்டும். ஒரு வாரம் தினமும் தொட்டுப் பாருங்கள்.

இதைக் கவனமாக வாசியுங்கள். நமக்கு வைத்தியசாலையில் தந்த குளிசையில் மிச்சத்தைக் கரைத்துக் கொடுக்கவே கூடாது. பெனிசிலின், அமொக்சிசிலின் போன்ற மருந்துகளை வாயால் கொடுத்தால் கினிப் பன்றியின் குடலில் உள்ள நல்ல கிருமிகள் செத்து, கெட்ட கிருமி பெருகும். சில நாளில் பிராணி இறந்துவிடும். காயத்தால் சாகாதது மருந்தால் சாகும். மருந்து தேவை என்றால் உங்கள் பிரதேச அரச மிருக வைத்தியரிடம் கேளுங்கள். கண்டிப் பக்கம் உள்ளவர்கள் பேராதனை மிருக வைத்திய போதனா வைத்தியசாலைக்கும் கொண்டு போகலாம். அரை நாளுக்கு மேல் ஒன்றும் தின்னாமல் இருந்தால் காத்திருக்க வேண்டாம்.

தீனி

பசி இருந்தால் சண்டை இருக்கும். பகலும் இரவும் கூட்டில் புல் இருக்க வேண்டும். கினிப்புல், நேப்பியர் புல் நல்லது. ஆனால் களைக்கொல்லி அடித்த மலையிலோ அதன் வாய்க்கால் ஓரத்திலோ புல் அறுக்க வேண்டாம். எந்த மலைக்கு எப்போது மருந்து அடித்தார்கள் என்று கங்காணியிடம் கேட்டுவிட்டு அறுங்கள்.

மனிதரைப் போலவே இதன் உடம்பாலும் விட்டமின் சி தயாரிக்க முடியாது. தினமும் தீனியில் கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் முரசு வீங்கும், மூட்டு வலிக்கும், புண் ஆறாது. வலியில் இருக்கும் பிராணி எரிச்சல் படும், கடிக்கும். இதற்குச் செலவு இல்லை. ஒரு துண்டுக் கறிமிளகாய், அல்லது விரல் நுனி அளவு கொய்யாப்பழம் தினமும் ஒவ்வொன்றுக்கும் கொடுங்கள். கொய்யாவில் தோடம்பழத்தைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு விட்டமின் சி உண்டு.

கரட் இலை கொஞ்சம் கொடுக்கலாம். கோவா அதிகம் கொடுத்தால் வயிறு ஊதும். லீக்ஸ், வெங்காயம், உருளைக்கிழங்கு இலை, தக்காளி இலை கொடுக்கக் கூடாது. சோறு, ரொட்டி, பிஸ்கட் வேண்டாம். தீனியை ஒரே இடத்தில் போடாமல் கூடு முழுவதும் தூவுங்கள். தேடித் தின்பதில் நேரம் போகும், சண்டைக்கு நேரம் இருக்காது.

எவ்வளவு செய்தும் சேராவிட்டால்?

சில ஆண்கள் சேராது. அது யாருடைய குற்றமும் அல்ல. கூட்டின் நடுவில் கம்பிவலை அடித்து இரண்டாகப் பிரியுங்கள். ஒன்றையொன்று பார்க்கலாம், பேசலாம், கடிக்க முடியாது. இரண்டும் தனிமையில் வாடாது. இருவருக்கும் தனித்தனி வீடும் தண்ணீரும் இருக்க வேண்டும். துணைக்கு முயலைப் போடுவது நல்லதல்ல. முயலின் ஓர் உதை கினிப் பன்றியின் எலும்பை முறிக்கும்.

"நலமடித்தால் சண்டை நிற்குமா?" என்றும் சிலர் கேட்கிறார்கள். குட்டி பிறப்பதை அது நிறுத்தும். ஆனால் ஆண்களுக்கிடையே உள்ள சண்டை அதனால் நிற்கும் என்று சொல்ல முடியாது. இடமும் பழக்கமும் தான் மருந்து.

வாங்குவதற்கு முன்

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளை கேட்டவுடன் டவுனுக்குப் போக வேண்டாம். முதலில் அடிக்கோலை எடுத்து இடத்தை அளந்து பாருங்கள். ஐந்தடிக்கு இரண்டரை அடி இடம் இல்லையா? அப்படியானால் இப்போது வேண்டாம் என்று பிள்ளைக்குக் காரணத்தோடு சொல்லுங்கள், புரிந்துகொள்ளும். இடம் இருக்கிறதா? முதலில் கூட்டைக் கட்டுங்கள், பிறகு பிராணியைக் கொண்டு வாருங்கள். இரண்டு மூன்று வீடுகள் சேர்ந்து வளர்ப்பதானால், யார் எந்த நாள் புல்லறுப்பது, யார் கூடு கழுவுவது, காயம் பட்டால் செலவை எப்படிப் பிரிப்பது என்று முன்பே பேசி ஒரு தாளில் எழுதி வையுங்கள். கூட்டுக்குள் சமாதானம் இருக்க, வெளியேயும் ஓர் ஒழுங்கு வேண்டும்.

பிள்ளைகளுக்குப் பயிற்சி

வாசித்த பின், தாளைப் பார்க்காமல் விடை சொல்லுங்கள். பிறகு அம்மா அப்பாவிடமும் கேளுங்கள்.

1. ஆண் கினிப் பன்றிகள் சண்டை பிடிக்க மூன்று காரணங்கள் எவை?

2. ஒளியும் வீட்டுக்கு ஏன் இரண்டு வாசல் வேண்டும்?

3. கூடு கழுவும்போது ஒரு கைப்பிடி பழைய புல்லைத் திரும்பப் போடுவது ஏன்?

4. 'உர்ர்' என்ற சத்தத்துக்கும் பல்லைக் 'கடகட' என்று அடிப்பதற்கும் என்ன வித்தியாசம்?

5. நான்கு ஆண்களுக்கு எத்தனை தண்ணீர்ப் போத்தல், எவ்வளவு நீள அகலம் தேவை?

6. நம் குளிசையை ஏன் அதற்குக் கொடுக்கக் கூடாது?

ஆறுக்கும் சரியான விடை தெரிந்த பிள்ளை, கினிப் பன்றி வளர்க்கத் தகுதியான பிள்ளை.